தூதுவளை நம்முடையதா? வேலியோரச் செடிகளின் வரலாறு

பெயரைக் கேட்டே ஒரு செடியின் பிறப்பிடத்தைக் கூறிவிட முடியுமா? கண்டங்கத்தரி, சுண்டை, தூதுவளை ஆகிய மூன்று செடிகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் நம் ஊர்ப்புறங்களில் எளிதாகக் கிடைப்பவை. மூன்றிலும் முள் உண்டு. மூன்றுக்கும் நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. மூன்றும் மருந்துக்கும் உணவுக்கும் பயன்படுபவை. ஆனால் இவற்றுள் ஒன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அது எது? மேலே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் எண்ணி விடை கூறிப் பாருங்கள்.

தாவரவியல் நூலைப் புரட்டி விடை தேடுபவர் கண்டங்கத்தரி என்று கூறக்கூடும். ஏனெனில் அதன் அறிவியல் பெயர் ‘சொலானம் வர்ஜீனியானம்’. வர்ஜீனியா வட அமெரிக்காவில் உள்ளதன்றோ? ஆனால் இவ்விடை தவறு. கண்டங்கத்தரி நம் நாட்டுச் செடி. கடல் கடந்து வந்தது, குழம்பிலும் வற்றலிலும் நாம் உரிமையோடு சேர்த்துக்கொள்ளும் சுண்டையே! இந்த வேடிக்கை எப்படி நேர்ந்தது, எது உண்மையில் நம் மண்ணுக்கு உரியது, அதை அறிவதால் நமக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அஞ்சுகிராமத்தின் மண்

நாஞ்சில் நாடு என்றதும் நெல்வயலும் குளமும் வாழைத் தோட்டமும் நம் கண்முன் வரும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. மேற்கே பேச்சிப்பாறைப் பக்கம் மழை மிகுதி. கிழக்கே வரவர அது குறைகிறது. அம்மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தின் எல்லையை ஒட்டி அமைந்திருப்பது அஞ்சுகிராமம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குப் புறத்தில் மழையைப் பெய்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்றாக இப்புறம் வீசுகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இதுவே. வெயிலும் காற்றும் சேர்ந்து மண்ணின் ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே இப்பகுதி விளைகளில் பனையும் உடைமரமும் செழிக்கின்றன.

இத்தகைய இடத்தில் வீட்டுத் தோட்டம் போட விரும்புவோர் முதலில் தேட வேண்டியது, தண்ணீர் குறைந்தாலும் தாங்கி நிற்கும் செடியை. அப்படிப்பட்ட செடிகளை இயற்கையே வேலியோரங்களில் வளர்த்து வைத்திருக்கிறது. அவற்றுள் முதன்மையாகக் கூறத்தக்கது கத்தரியின் உறவினமாகிய தூதுவளை.

ஒரு பெரிய குடும்பம்

தாவரங்களைத் தாவர இயலார் குடும்பம், பேரினம், சிற்றினம் எனப் பகுத்துள்ளனர். கத்தரிக் குடும்பத்திற்குச் ‘சொலானேசி’ என்று பெயர். மிளகாய், புகையிலை, ஊமத்தை ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதிலுள்ள மிகப் பெரிய பேரினம் ‘சொலானம்’. உலகில் இப்பேரினத்தில் 1,200-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மணத்தக்காளி, கண்டங்கத்தரி, சுண்டை, தூதுவளை எல்லாம் சொலானங்களே.

ஒரே பேரினத்தைச் சேர்ந்தவையாயினும் இவற்றின் வரலாறுகள் வேறு வேறு. உருளைக்கிழங்கும் தக்காளியும் தென் அமெரிக்காவில் தோன்றியவை. கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பின்னரே அவை மற்ற கண்டங்களுக்குப் பரவின. கத்தரியோ ஆசியாவில் பயிராக்கப்பட்டது. அதன் மூதாதை ‘சொலானம் இன்சானம்’ என்னும் முள் நிறைந்த காட்டுக் கத்தரி. இன்றும் இந்தியாவிலும் இலங்கையிலும் பாதையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் அது தானே முளைத்து வளர்கிறது.

வழுதலங்காய் சென்ற பயணம்

நாஞ்சில் நாட்டு முதியோர் கத்தரிக்காயை ‘வழுதலங்காய்’ என்பர். மலையாளத்தில் ‘வழுதனங்ங’ என்பர். பழந்தமிழில் இதற்கு ‘வழுதுணை’ என்று பெயர். பிற பகுதிகளில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்ட ஒரு பழஞ்சொல் இங்கே சமையற்கட்டில் உயிரோடு இருக்கிறது! கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஆகவே இரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொற்கள் இங்கே நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

கத்தரிக்காயைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான ‘வாதிங்கண’ என்பது திராவிட மொழிகளிலுள்ள இவ் வழுதுணைச் சொல்லிலிருந்தே சென்றது என மொழியியலார் சிலர் கருதுகின்றனர். அச்சொல் பாரசீகத்தில் ‘பாதிங்கான்’ ஆயிற்று. அரபியில் ‘பாதின்ஜான்’ ஆயிற்று. அரபியரிடமிருந்து அதைப் பெற்ற போர்ச்சுகீசியர் ‘பெரிஞ்ஜெலா’ என்றனர். போர்ச்சுகீசியர் மூலம் அது மீண்டும் இந்தியாவுக்கு வந்து ஆங்கிலேயர் வாயில் ‘பிரிஞ்சால்’ ஆனது. புறப்பட்ட சொல்லுக்கும் திரும்பி வந்த சொல்லுக்கும் ஒற்றுமை காண்பதே கடினம்!

இத்தாலியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அங்கே ‘மெலன்சானா’ எனப்பட்ட கத்தரிக்காயை, ஒலி ஒப்புமையால் ‘மேலா இன்சானா’, அதாவது ‘பித்துப் பிடிக்கவைக்கும் கனி’ என்று பொருள் கொண்டனர். ஐரோப்பாவில் இக்குடும்பத்துச் செடிகள் சில கடும் நஞ்சுடையவை. ஆகவே புதிதாக வந்த இக்காயையும் மக்கள் ஐயத்தோடு பார்த்தனர். சுவீடன் நாட்டுத் தாவர இயலார் லின்னேயஸ் 1767-ஆம் ஆண்டில் காட்டுக் கத்தரிக்கு ‘இன்சானம்’ என்று பெயரிட்டார். ஐரோப்பியரின் பழைய அச்சம் ஒன்று நம் நாட்டுச் செடியின் பெயரில் இவ்வாறு நிலைத்துவிட்டது. செடியின் பெயரைப் பார்த்து அதன் குணத்தை முடிவு செய்தல் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஐந்து வேர்களில் இரண்டு

ஒரு செடி நம் நாட்டில் தொன்று தொட்டு இருந்ததா என்பதை அறிய ஒரு வழி, பழைய நூல்களில் அதன் பெயரைத் தேடுவது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம். ஒவ்வொரு பாட்டிலும் ஐந்து கருத்துகளைக் கூறும் அந்நூல், ஐந்து சிறு வேர்களால் ஆன மருந்து ஒன்றின் பெயரைத் தன் பெயராகக் கொண்டது. அவ் ஐந்து வேர்கள் கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகியவை. இவற்றுள் முதல் இரண்டும் சொலானங்கள். ஆயுர்வேதத்தின் தசமூலம் என்னும் பத்து வேர்களிலும் கண்டகாரி, பிருகதி என்னும் பெயர்களில் இரு சொலானங்கள் இடம்பெற்றுள்ளன.

ஆகவே ஐரோப்பியர் அமெரிக்காவைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டங்கத்தரி நம் மருத்துவர் கைகளில் இருந்தது ஐயத்திற்கு இடமற்றது. அப்படியிருக்க, அதற்கு ‘வர்ஜீனியச் செடி’ என்னும் பெயர் எப்படி வந்தது?

மாறிப்போன முகவரி

லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒவ்வொரு செடிக்கும் பேரினப் பெயரும் சிற்றினப் பெயருமாக இரு சொற்பெயர் அளிக்கும் முறையை அதில் முழுமையாகக் கையாண்டார். அக்காலத்தில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் விதைகள் வந்து குவிந்தன. கப்பல் மாறி, கை மாறி, தோட்டம் மாறி வரும் விதையின் பிறப்பிடம் பற்றிய செய்தியும் வழியில் மாறிப் போவது அரிதன்று. இங்கிலாந்தில் வளர்ந்த செடி ஒன்றின் படத்தை ஜெர்மானியத் தாவர இயலார் டில்லேனியஸ் 1732-இல் வெளியிட்டிருந்தார். லின்னேயஸின் ‘வர்ஜீனியானம்’ என்னும் பெயருக்கு அப்படமே அடிப்படை. அப்படத்தில் இருப்பது நம் கண்டங்கத்தரி எனப் பிற்காலத்தவர் கண்டனர்.

இதற்கிடையில் வேறு அறிஞர்கள் கண்டங்கத்தரிக்குத் தனித்தனியே பெயரிட்டனர். 1768-இல் பர்மன் என்பவர் சூரத் நகரை நினைவூட்டி ‘சுரட்டென்ஸ்’ என்றார். 1795-இல் மஞ்சள் நிறப் பழத்தைக் கருதி ‘சாந்தோகார்ப்பம்’ என்று பெயரிட்டனர் ஷ்ராடரும் வெண்ட்லாண்டும். நம் நாட்டு மருந்து நூல்களில் நீங்கள் பெரும்பாலும் காண்பது இவ்விரு பெயர்களையே. ஆனால் 1753-க்குப் பின் எப்பெயர் முதலில் முறைப்படி வெளியிடப்பட்டதோ அதுவே செல்லும் என்பது தாவரவியலார் வகுத்துக்கொண்ட விதி. பொருள் தவறாக இருந்தாலும் முந்திய பெயருக்கே உரிமை. எனவே நம் நாட்டுச் செடிக்கு அமெரிக்க முகவரியே நிலைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நம் முள்ளிச் செடி ஒன்றுக்கு லின்னேயஸ் ‘சொலானம் இண்டிகம்’ என்று பெயரிட்டிருந்தார். இந்தியாவுக்கு உரியது என்பது இதன் பொருள். ஆனால் அப்பெயரை வெவ்வேறு செடிகளுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் பயன்படுத்திக் குழப்பம் மிகுந்ததால், தாவரவியலார் அப்பெயரையே அடியோடு விலக்கிவிட்டனர். பாப்பரமுள்ளி எனப்படும் அச்செடிக்கு இப்போது வழங்கும் ‘சொலானம் வயலேசியம்’ என்னும் பெயரை, ஸ்பெயின் நாட்டு ஓர்டேகா 1798-இல் வெளியிட்டார். அமெரிக்கப் பெயர் தவறாக ஒட்டிக்கொண்டது. இந்தியப் பெயர் சரியாக இருந்தும் நீங்கிவிட்டது!

சுண்டை வந்த கதை

இனிச் சுண்டைக்கு வருவோம். கேரளக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் வான் ரீட். இதே கம்பெனியைத்தான் பின்னாளில், 1741-இல், மார்த்தாண்ட வர்மரின் படை குளச்சலில் தோற்கடித்தது. வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவரின் துணையோடும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோரின் துணையோடும் மலையாள நாட்டுச் செடிகளைத் தொகுத்தார். அது ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 700-க்கும் மேற்பட்ட செடிகளின் விவரங்களும் படங்களும் அதில் உள்ளன. 300 ஆண்டுகளுக்கும் மேலாக இலத்தீனில் இருந்த அந்நூலைக் கேரளத் தாவர இயலார் கா. சு. மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தந்தார். ஆங்கிலப் பதிப்பு 2003-இல் வெளியாயிற்று.

அந்நூலில் ‘ஆனச்சுண்ட’, ‘செறுசுண்ட’, ‘நிலஞ்சுண்ட’ என்னும் பெயர்களில் செடிகள் உள்ளன. எல்லாம் சொலானங்கள். ஆனை, சிறுமை, நிலம் என்னும் அடைமொழிகளைக் கவனியுங்கள். ‘சுண்டை’ என்பது ஒரு தனிச் செடியின் பெயராக இல்லாமல், இவ்வினத்துச் செடிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கியது என்பது இதனால் விளங்கும்.

இன்று நாம் சுண்டை என்று அழைக்கும் செடியின் அறிவியல் பெயர் ‘சொலானம் டார்வம்’. அதற்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு ஸ்வார்ட்ஸ். மேற்கிந்தியத் தீவுகளில் பயணம் செய்து திரும்பிய அவர், அங்கே கண்ட செடிகளைப் பற்றி 1788-இல் எழுதிய நூலில் இதனை விவரித்தார். மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையிலும், கரிபியன் தீவுகளிலும் இது இயற்கையாக வளர்கிறது. பழங்களைத் தின்னும் பறவைகள் விதைகளை எங்கும் பரப்புவதால் சென்ற இடமெல்லாம் விரைவில் வேரூன்றிக்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு.

சென்னை மாநிலத்தில் பணிபுரிந்த ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் 1838 முதல் 1853 வரை தென்னிந்தியச் செடிகளின் படங்களை வெளியிட்டார். ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் அவருக்காகப் படம் வரைந்தவர்கள். 2,000-க்கும் மேற்பட்ட அப்படங்களில் தூதுவளையும் உண்டு. டார்வம் சுண்டையும் உண்டு. ஆக, அதற்குள் சுண்டை இங்கே ஊன்றிவிட்டது. கத்தரியைப் போன்ற இலையும் திரள் திரளான காயும் கொண்ட புதிய செடிக்கு, இங்கே முன்பே வழங்கிவந்த பொதுப்பெயர் எளிதாகப் பொருந்திவிட்டது. விருந்தாளி வந்தார், வீட்டுக்காரரின் பெயரை வாங்கிக்கொண்டு வீட்டோடு தங்கிவிட்டார்!

இதனால் சுண்டையை வெறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மிளகாயும் தக்காளியும் இல்லாத சமையலை இன்று எண்ணிப் பார்க்க முடியுமா? சுண்டையும் நம் உணவோடு கலந்துவிட்டது. மேலும் மண்ணிலுள்ள வாடல் நோய்க்கிருமிகளையும் நூற்புழுக்களையும் எதிர்த்து நிற்கும் வேர் அதற்கு உண்டு. ஆகவே சுண்டைச் செடியின் வேர்ப்பகுதியின் மேல் கத்தரித் தண்டை ஒட்டுக்கட்டி நடும் முறை ஜப்பானிலும் பிற நாடுகளிலும் வழங்குகிறது. தமிழகத்திலும் பரவி வருகிறது.

பிறப்பிடத்தை அறிவதால் என்ன பயன்?

எங்கே பிறந்ததாயினும் செடி வளர்ந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, வறட்சியைத் தாங்குவது மட்டுமே ஒரு செடியை நல்ல செடியாக்கிவிடாது. அமெரிக்காவிலிருந்து வந்த ‘வெள்ளியிலைச் சொலானம்’ கோவைப் பகுதியில் களையாகப் பரவியிருக்கிறது. வறட்சியைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் வேர் மண்ணில் ஆழமாக இறங்குகிறது. வெட்டிப்போட்ட வேர்த்துண்டிலிருந்தும் புதுச்செடி முளைக்கிறது. உழுதால் அழிவதற்குப் பதில் அது பெருகுகிறது. தன் பிறந்த மண்ணில் அதைத் தின்று கட்டுப்படுத்தும் பூச்சிகள் உண்டு. வந்த இடத்தில் அவை இல்லை. நம் நாட்டுச் செடிகளுக்கோ அவற்றைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளும், அவற்றால் வாழும் வண்டுகளும் பறவைகளும் இங்கேயே உள்ளன.

இரண்டாவது, காட்டுச் செடிகள் பயிர்களின் சேமநிதி. மனிதன் பல நூற்றாண்டுகளாகப் பெரிய காயையும் முள் குறைந்த செடியையுமே தேர்ந்தெடுத்துக் கத்தரியை வளர்த்தான். அந்தத் தேர்வில் வறட்சியைத் தாங்கும் திறன் போன்ற பண்புகள் பல கைநழுவிப் போயின. அவை இன்னும் காட்டுக் கத்தரியிடம் இருக்கின்றன. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஸ்பெயின், ஐவரி கோஸ்ட், இலங்கை ஆகிய நாடுகளின் அறிஞர்கள் கத்தரியை அதன் காட்டு உறவினங்களோடு கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினர். நீர்க்குறைவையும் உப்பையும் காட்டுக் கத்தரியாகிய இன்சானம் நன்கு தாங்குவதாகச் சோதனைகள் காட்டின. நிலத்தடி நீர் உவர்த்துவரும் கடலோர ஊர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அச்சேமநிதி இருக்கும் இடம் எது? நம் வேலியோரமும் தரிசு நிலமும்தான். உயிர்வேலி மறைந்து மதிற்சுவர் எழும்போதும், தரிசு நிலம் வீட்டு மனையாகும்போதும், யாரும் கவனிக்காமலேயே இச்செடிகள் நீங்கிவிடுகின்றன. வழுதலங்காய் என்னும் சொல்லைக் காப்பதோடு வழுதலையின் மூதாதையையும் காக்க வேண்டாமா?

தூதுவளையை வளர்க்கும் முறை

இவற்றுள் வீட்டுத் தோட்டத்திற்கு மிகவும் ஏற்றது தூதுவளை. அதன் அறிவியல் பெயர் ‘சொலானம் டிரைலோபேட்டம்’. இலை மூன்று மடல் போன்று பிளவுபட்டிருப்பதைக் குறிக்கும் இப்பெயரையும் லின்னேயஸ் 1753-இல் இட்டார். தவறான முகவரியோ குழப்பமோ இல்லாத, செடியை உள்ளபடி கூறும் பெயர்! தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகப் பகுதிகள்.

இது பற்றி ஏறும் புதர்ச்செடி. தண்டிலும் இலைக்காம்பிலும், இலை நரம்பிலும்கூட, கொக்கி போன்ற முட்கள் உண்டு. அவற்றைக் கொண்டே வேலியைப் பற்றி ஏறும். ஊதா நிறப் பூவின் நடுவே மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்பாக நிற்கும். பச்சைக் காய்கள் பழுத்தால் செந்நிறமாகும். இதன் பூவை உற்று நோக்குங்கள். மகரந்தப் பை நெடுகப் பிளப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. கருவண்டு எனப்படும் தச்சன் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிர வைக்கும். உடனே உப்புச் சிமிழிலிருந்து உப்பு கொட்டுவதுபோல மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. ஆகவே தூதுவளை காய்க்க வேண்டுமானால் கருவண்டு வாழும் பட்ட மரக்கிளைகளும் தோட்டத்தில் சில இருப்பது நல்லது.

விதையாலும் தண்டுப் போத்தாலும் இதை வளர்க்கலாம். நன்கு சிவந்த பழத்தைப் பிசைந்து கழுவி, விதையை நிழலில் உலர்த்தி விதைக்கலாம். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம், பொறுமை வேண்டும். போத்து நடுவதானால் முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, இரு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நடுங்கள்.

அஞ்சுகிராமம் போன்ற இடங்களில் ஐப்பசி மாதத்தில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியவுடன் நடுவது ஏற்றது. ஆனி, ஆடி மாதங்களின் வறண்ட காற்று வருமுன் வேர் ஆழமாக இறங்கிவிடும். ஓர் அடி ஆழக் குழியில் மேல்மண்ணையும் மக்கிய சாணத்தையும் கலந்து நிரப்புங்கள். சிவந்த மணற்பாங்கான மண்ணிலும் வளரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும். சுவர் அல்லது வேலியின் காற்று மறைவில் நட்டு, ஏறுவதற்குக் கொம்பு ஊன்றுங்கள். முதல் இரண்டு மாதம் மழையில்லாத நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுங்கள். வேர் பிடித்த பின் வாரம் ஒருமுறை போதும். ஓராண்டு வளர்ந்த செடி தண்ணீரின்றியும் கோடையைக் கடக்கும். ஆனால் இலையை உதிர்த்துவிடும். கீரைக்காக இலை வேண்டுமாயின் கோடையிலும் சிறிது தண்ணீர் தேவை. அடியைச் சுற்றிக் கதம்பையைக் கவிழ்த்துப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். தேங்காய் மட்டைக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமா என்ன?

ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பு உயரத்திற்கு வெட்டிவிட்டால் இளந்தளிர் மிகுதியாகக் கிளைக்கும். மாவுப்பூச்சி தோன்றினால் அக்கிளையை வெட்டி நீக்கிவிட்டு, செடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். குழந்தைகள் ஓடி விளையாடும் நடைபாதையோரத்தில் மட்டும் இதை நடாதீர்கள். முள் கொக்கி போல் இழுத்துக் கிழிக்கும்.

மருந்தும் எச்சரிக்கையும்

தூதுவளையைச் சளிக்கும் இருமலுக்கும் துவையலாகவும் இரசமாகவும் உண்பது நம் வழக்கம். இவ்வழக்கம் சோதனைக்கும் உட்பட்டிருக்கிறது. தமிழக ஆய்வாளர்கள் ஆஸ்துமா நோயாளிகளிடம் கண்டங்கத்தரி, தூதுவளை ஆகியவற்றின் பொடியைக் கொடுத்து மூச்சுத் திறனை அளந்து, முடிவை 1999-இல் பன்னாட்டு இதழொன்றில் வெளியிட்டனர். 300 மில்லிகிராம் பொடி மூச்சுத் திறனை உயர்த்தியது. ஆனால் வழக்கமான ஆஸ்துமா மாத்திரைகளின் அளவுக்கு உயர்த்தவில்லை. அது சிலரிடம் மட்டும் நடந்த முன்னோட்ட ஆய்வு. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவு இதுதான்: முன்னோர் கண்டது வெறும் கற்பனையன்று; ஆயினும் மூச்சுத் திணறலுக்கு மருத்துவர் தரும் மருந்தை நிறுத்திவிட்டுத் தூதுவளையை நம்புவது ஆபத்து.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சொலானங்களில் ‘ஆல்கலாய்டு’ என்னும் காரப்பொருள்கள் உண்டு. செடி தன்னைத் தின்னும் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள அமைந்தவை அவை. சிறிய அளவில் மருந்தாவதே பெரிய அளவில் நஞ்சாகலாம். ஆகவே அடையாளம் உறுதியாகத் தெரியாத முட்செடியின் இலையையோ பழத்தையோ உண்ணலாகாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

நண்பர்களே! ஒரு பெயர் வர்ஜீனியாவைக் காட்டியது. செடி நம் நாட்டில் இருந்தது. ஒரு பெயர் தமிழாக இருந்தது. செடி கடல் கடந்து வந்தது. ஒரு பெயர் பித்து என்றது. அச்செடியோ நாளைய கத்தரிப் பயிரைக் காக்கக் காத்திருக்கிறது. பெயர் மட்டும் போதாது. பழைய நூல், மக்கள் வழக்கு, செடியின் உறவுமுறை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

வரும் விடுமுறையில் உங்கள் ஊர் வேலிகளைச் சுற்றி வாருங்கள். முள்ளும் ஊதாப் பூவும் உள்ள செடிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் பாட்டி என்ன பெயரால் அழைக்கிறார், எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இலையும் பூவும் காயும் தெரியும்படி படம் வரைந்து வையுங்கள். இட்டி அச்சுதன் சொல்ல வான் ரீட் எழுதிவைத்ததால்தான் 300 ஆண்டுகளுக்கு முந்திய சுண்டைகளின் பெயர்களை இன்று நாம் அறிகிறோம். எழுதப்படாத பெயர்கள் எத்தனையோ! தூதுவளைப் போத்து ஒன்றையும் வீட்டு வேலியோரத்தில் நட்டுவையுங்கள். அது அதிகம் தண்ணீர் கேட்காது.